கிளிமஞ்சாரோவுக்கு ஐந்து நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயண இணைப்பில் கிளிமஞ்சாரோ மலையேற்றம் குறித்து வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மலையின் அழகையும் உச்சியில் கதிரவன் எழும் காட்சியையும் கட்டுரையாளர் மனமார எழுதியிருக்கிறார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. ஆனால், கயிறோ தனிப் பயிற்சியோ வேண்டியதில்லை, நடக்கத் தெரிந்த எவரும் ஐந்தே நாளில் ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த சிகரத்தைத் தொட்டுத் திரும்பலாம் என்ற பொருளில் அக்கட்டுரை முடிந்திருப்பதும், அதே பக்கத்தில் ஐந்து நாள் பயணத்துக்கான மலிவு விலை விளம்பரம் இடம்பெற்றிருப்பதும் என்னை இக்கடிதம் எழுத வைத்தன. வழிகாட்டிகளுடன் அந்த மலையில் ஏறி இறங்கியவன் என்ற முறையிலும், அங்கே நம் மூட்டைகளைச் சுமந்து வருபவர்களின் நிலையை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையிலும், அந்த ஐந்து நாள் கணக்கு ஏன் தவறானது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்று கருதுகிறேன்.

தான்சானியாவின் வடகிழக்கில், கென்ய எல்லையை ஒட்டி நிற்கும் கிளிமஞ்சாரோ, கிபோ, மாவென்சி, ஷிரா என்ற மூன்று எரிமலைக் கூம்புகளால் ஆனது. கிபோவின் விளிம்பில் உள்ள உகுரு சிகரம் 5,895 மீட்டர் உயரமுடையது. வழக்கமான நடைபாதைகளில் செல்பவருக்குக் கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படுவதில்லை என்று கட்டுரையாளர் எழுதியது உண்மைதான். பலர் ஏமாந்துபோவதும் அந்த உண்மையால்தான். வழுக்கும் பாறையும் அதலபாதாளமும் கண்ணுக்குத் தெரிந்தால் மனிதன் தானாகவே அஞ்சி நிதானிப்பான். இங்கோ ஆபத்து காற்றில் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையில் இருப்பதைப் போலவே ஏறத்தாழ 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதியாகிவிடுகிறது. உடல் இதற்கு ஈடுகொடுக்க வழி வைத்திருக்கிறது. முதலில் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஆகிறது. அதனால் இரத்தத்தில் ஏற்படும் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் சரிசெய்கின்றன. இந்த வேலைக்கு நாட்கள் தேவை. உடற்பயிற்சி செய்து இறுகிய உடலோ இளம் வயதோ அந்த நாட்களைக் குறைத்துத் தருவதில்லை. சொல்லப்போனால், நன்கு ஓடிப் பழகிய இளைஞர்களே வேகமாக ஏறி முதலில் படுத்துக்கொள்வதை அங்குள்ள வழிகாட்டிகள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

உயரமான மலைகளில் ஏறுவோருக்கு மருத்துவர்கள் வகுத்துள்ள பொது விதி ஒன்று உண்டு. 3,000 மீட்டரைக் கடந்த பிறகு, இரவு உறங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் அதே உயரத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த விளம்பரத்தில் கண்ட மராங்கு வழியின் ஐந்து நாள் திட்டத்தைப் பாருங்கள். முதல் இரவு சுமார் 2,700 மீட்டரில் உள்ள மண்டாரா குடில்கள், இரண்டாம் இரவு சுமார் 3,720 மீட்டரில் ஹொரோம்போ, மூன்றாம் நாள் மாலை சுமார் 4,700 மீட்டரில் கிபோ குடில், அன்று நள்ளிரவே உச்சியை நோக்கிப் புறப்பாடு. ஒவ்வொரு நாளும் ஆயிரம் மீட்டர் தாவல். கடைசியில் உறக்கமே இல்லாமல் இன்னும் ஏறத்தாழ 1,200 மீட்டர். விதி அனுமதிப்பதைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் உடலை மேலே இழுத்துச் செல்லும் திட்டம் இது. ஹொரோம்போவில் கூடுதலாக ஒரு நாள் தங்கும் ஆறு நாள் திட்டம் இதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான்.

மச்சாமே வழியை ஏழு நாட்களிலும் லெமோஷோ வழியை எட்டு நாட்களிலும் நடக்கும்போது நிலைமை வேறு. ஷிரா பீடபூமியிலிருந்து 4,600 மீட்டர் அளவிலான லாவா டவர் பாறை வரை ஏறி, அங்கே மதிய உணவு உண்டு, மாலையில் 3,950 மீட்டர் அளவில் இருக்கும் பராங்கோ முகாமுக்கு இறங்கி உறங்குகிறோம். உடல் பகலில் உயரத்தின் சிரமத்தை அறிந்துகொள்கிறது. இரவில் இறங்கிய இடத்தில் தேறிக்கொள்கிறது. மறுநாள் பராங்கோ பாறைச்சுவரில் கையை ஊன்றி ஏறி, கரங்கா பள்ளத்தாக்கில் மீண்டும் ஏறக்குறைய அதே உயரத்தில் ஒரு இரவு. வரைபடத்தில் பார்த்தால் மலையைச் சுற்றி வீணாக அலைவது போலத் தோன்றும் இந்தப் பாதைதான் உண்மையில் உச்சிக்குச் செல்லும் நேர்வழி. இரவுகளைக் கூட்டித் தருவதால் வடக்குச் சுற்றுப்பாதையை இன்னும் சிறந்ததாகச் சொல்லும் வழிகாட்டிகளும் உண்டு.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட உண்மையும் அன்று. ஜெர்மானியரான ஹான்ஸ் மேயர் 1887-லும் 1888-லும் தோற்றுத் திரும்பியவர். ஆஸ்திரிய மலையேறியான லுட்விக் புர்ட்ஷெல்லருடன் 1889 அக்டோபரில் அவர் உச்சியை அடைந்ததற்கு, வெவ்வேறு உயரங்களில் முகாம்கள் அமைத்து, கீழிருந்து உள்ளூர்ச் சுமையாட்கள் உணவைத் தொடர்ந்து மேலே கொண்டுவந்து சேர்க்கும்படி செய்த ஏற்பாடு முக்கியக் காரணம். உணவு வந்துகொண்டே இருந்ததால் அவர்களால் நாட்கணக்கில் உயரத்திலேயே தங்கி மீண்டும் மீண்டும் முயல முடிந்தது. மலையடிவாரத்து மக்களின் தோள்கள் தந்த அவகாசம் அது. மலையேற்ற வரலாற்றை எழுதுவோர் இதைக் கூடுதலாக அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அவசரப்படாத பயணத்திலும், உடல் உயரத்துக்குப் பழகாததால் உண்டாகும் உயரநோய் வரும். அப்போது என்ன நடக்க வேண்டும் என்பதற்கு, நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். சுமார் 4,670 மீட்டர் உயரத்தில், கூரிய கற்சில்லுகள் மேல் கூடாரங்கள் அமைந்திருக்கும் பராஃபு முகாமில், உச்சிக்குப் புறப்படும் இரவில் எங்கள் குழுவைத் தலைமை வழிகாட்டி ஒவ்வொருவராகக் கவனித்து வந்தார். விரலில் மாட்டும் கருவியால் ஆக்சிஜன் அளவைப் பார்த்தார். இரவு உணவில் யார் தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்பதும் அவர் நினைவில் இருந்தது. குழுவிலிருந்த ஒரு பெண் தனக்கு ஒன்றுமில்லை, லேசான தலைவலிதான் என்றார். வழிகாட்டி மறுபேச்சுப் பேசாமல், தம் கைத்தடியால் சரளை மண்ணில் ஒரு கோடு கிழித்து, ஒரு பாதத்தின் விரல்நுனியை ஒட்டி மறுபாதத்தின் குதிகாலை வைத்து அந்தக் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். தலைவிளக்குகளின் வெளிச்சத்தில் நான்கைந்து அடி வைப்பதற்குள் அந்தப் பெண் இரண்டு முறை பக்கவாட்டில் சாய்ந்தார். அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை. துணை வழிகாட்டி ஒருவரும், போர்ட்டர் என்று அழைக்கப்படும் சுமையாள் ஒருவரும் அந்த நேரத்திலேயே அவரைக் கீழே அழைத்துச் சென்றார்கள். மறுநாள் மாலை, 3,100 மீட்டரில் இருக்கும் ம்வேகா முகாமுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது, அவர் சூப் குடித்துக்கொண்டு எங்களை வரவேற்றார். அவருக்கு ஏற்பட்ட தள்ளாட்டம் மூளையில் நீர் கோக்கத் தொடங்குவதன் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதையும், இன்னும் ஆயிரம் மீட்டர் ஏறியிருந்தால் அவர் தம் காலால் இறங்கியிருப்பாரா என்பது ஐயமே என்பதையும் பின்னர் வழிகாட்டி எங்களுக்கு விளக்கினார்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், அளவுமீறிய களைப்பு ஆகியவை உயரநோயின் தொடக்க அடையாளங்கள். இந்த நிலையில் மேலே போகாமல் அங்கேயே தங்கினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். தங்குவதற்குத் திட்டத்தில் உபரி நாள் இருந்தால்தான் தங்க முடியும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நோய் முற்றினால் இரண்டு விதமாக உயிருக்கு உலை வைக்கும்: மூளை வீங்கி நடை தடுமாறிப் புத்தி குழம்பும், அல்லது நுரையீரலில் நீர் கோத்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இரண்டுக்கும் முதல் சிகிச்சை உடனே கீழே இறங்குவது. ஆக்சிஜன் உருளையும் மருந்தும் இறங்குவதற்கான நேரத்தை வாங்கித் தருமே தவிர, இறங்காமல் இருப்பதற்கு உரிமம் ஆகாது. டயமாக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை ஓரளவு விரைவுபடுத்தும் என்பது உண்மை. ஆனால் அதை மருத்துவரின் அறிவுரைப்படி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மாத்திரையை நம்பி ஐந்து நாள் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது மிகவும் தவறு. இன்னொன்று: குறுகிய பயணங்களில் பலர் தம் நோயை வழிகாட்டியிடம் மறைக்கிறார்கள். பணம் கட்டியாயிற்று, விடுமுறை முடியப்போகிறது, இன்று இல்லாவிட்டால் என்றும் இல்லை என்ற நினைப்பு அவர்களைப் பொய் சொல்ல வைக்கிறது. இரண்டு நாள் கூடுதலாகக் கையில் இருப்பவருக்கு உண்மையைச் சொல்வது எளிது.

இனி, விலைக்கு வருகிறேன். இந்த மலையில் தனியாக ஏற அனுமதி இல்லை. 1991 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவின் கட்டணங்கள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே. வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பாதுகாப்புக் கட்டணம் 70 டாலர், முகாமில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 50 டாலர், மீட்புக் கட்டணம் பயணத்துக்கு 20 டாலர், இவற்றின் மேல் 18 சதவீத வரி. ஏழு நாள், ஆறு இரவுப் பயணத்துக்கு இந்தத் தொகை மட்டுமே 950 டாலரைத் தாண்டுகிறது. எந்த நிறுவனமும் இதில் ஒரு டாலரைக்கூடப் பேரம் பேசிக் குறைக்க முடியாது. அப்படியானால், ஒரு நிறுவனம் மற்றவர்களைவிட மிகக் குறைந்த விலையைச் சொல்லும்போது அந்தக் குறைப்பு எங்கிருந்து வருகிறது? ஒன்று, நாட்களைக் குறைத்திருக்க வேண்டும். அதன் விளைவை மேலே சொல்லிவிட்டேன். இல்லையென்றால், பூங்காவுக்குச் செலுத்தியது போக எஞ்சும் பணத்தில், அதாவது உணவு, கூடாரம், வழிகாட்டி, போர்ட்டர் ஆகியவற்றுக்கான பணத்தில், கை வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் இவ்விரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

போர்ட்டர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'புன்னகை மாறாத உதவியாளர்கள்' என்று. அவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஒரு பயணிக்கு மூன்று அல்லது நான்கு போர்ட்டர்கள் என்பது அங்கே சாதாரணக் கணக்கு. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு முப்பதுக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். கூடாரங்கள், மேசை நாற்காலிகள், எரிவாயு உருளை, அத்தனை நாளைக்கும் உணவு, நம் உடைமைப் பை என எல்லாம் அவர்கள் முதுகிலும் தலையிலும்தான் ஏறுகின்றன. காலையில் நாம் புறப்பட்ட பிறகு முகாமைப் பிரித்துக் கட்டி, வழியில் நம்மைக் கடந்து விரைந்து, நாம் போய்ச் சேரும்போது கூடாரமும் வெந்நீரும் ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். மெல்லப் போங்கள் என்று பொருள்படும் 'போலே போலே' என்ற சொல்லை நாள் முழுவதும் நமக்குச் சொல்லும் அந்த மலை, அவர்களை மட்டும் ஓட வைக்கிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். பராஃபு முகாமில் நீர்நிலை கிடையாது. கரங்கா பள்ளத்தாக்கின் ஓடைதான் அந்த வழியில் கடைசி நீர். எனவே பராஃபுவில் நாம் குடிக்கும் தேநீர், கழுவும் கை, உச்சிக்கு எடுத்துச் செல்லும் மூன்று லிட்டர் என ஒவ்வொரு சொட்டும், ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்துக்கு ஒருவர் பெரிய பிளாஸ்டிக் கேன்களில் சுமந்து ஏற்றியது. கேனின் மூடி கசிந்து, சட்டையின் முதுகுப் பக்கம் முழுவதும் நனைந்து, மாலைக் குளிரில் அந்த ஈரம் விறைத்துப்போன நிலையில் ஓர் இளைஞர் முகாமுக்குள் வந்து கேனை இறக்கியதைப் பார்த்தேன். அவர் காலில் இருந்தது, அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பாகிப்போன சாதாரண ஓட்டக் காலணி.

ஒருவர் சுமக்கும் எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. பூங்காவின் நுழைவாயிலில் தராசில் ஒவ்வொரு மூட்டையும் நிறுக்கப்படுகிறது. விதி நல்ல விதி. ஆனால், நுழைவாயிலைக் கடந்த பிறகு சில போர்ட்டர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவர்கள் சுமையை மற்றவர்கள் தலையில் பிரித்து ஏற்றும் நிறுவனங்கள் உண்டு. ஒரு நாளைக்கு ஒரே வேளை சாப்பாடு போடுவோரும், பேசிய கூலியைக் குறைத்துக் கொடுப்போரும், பயணிகள் தரும் அன்பளிப்பையே கூலியாகக் காட்டிக் கணக்கு முடிப்போரும் உண்டு. இரவில் பயணிகள் சாப்பிட்டு முடித்த பிறகு, அதே உணவுக் கூடாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கிப் படுத்துக்கொள்வதும், தரை விரிப்புகூட இல்லாமல் குளிரில் விடியலுக்குக் காத்திருப்பதும் மலிவுப் பயணங்களில் காணக்கூடிய காட்சிகள். பயணிக்கு உயரநோய் வந்தால் இறக்கிவிட நான்கு பேர் இருக்கிறார்கள். அதே காற்றைச் சுவாசித்து, அதே குளிரில், போதிய உடை இல்லாமல் நிற்கும் போர்ட்டருக்கும் உயரநோயும் உடல் விறைப்பும் வரும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

இந்நிலையை மாற்ற மோஷி நகரிலிருந்து 'கிளிமஞ்சாரோ போர்ட்டர்கள் உதவித் திட்டம்' என்ற அமைப்பு 2003 முதல் பணியாற்றிவருகிறது. மலைக்கேற்ற உடைகளையும் காலணிகளையும் அது போர்ட்டர்களுக்கு இலவசமாக இரவல் தருகிறது. கூலி, உணவு, சுமை, தங்குமிடம் ஆகியவற்றில் தன் கண்காணிப்புக்கு இசைந்து நடக்கும் நிறுவனங்களின் பட்டியலையும் வெளியிடுகிறது. பயணத்தைப் பதிவு செய்யுமுன் அந்தப் பட்டியலைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நிறுவனத்திடம் நேரடியாகவும் கேட்கலாம்: போர்ட்டருக்கு நாட்கூலி எவ்வளவு, எப்போது கொடுக்கிறீர்கள், அவர்களுக்கு மூன்று வேளை உணவு உண்டா, அவர்கள் எங்கே உறங்குகிறார்கள், அவசர ஆக்சிஜனைக் கொண்டு வருகிறீர்களா, வழிகாட்டி திரும்பச் சொன்னால் கூடவே இறங்கத் துணை வழிகாட்டி இருக்கிறாரா? மழுப்பாமல் பதில் சொல்லும் நிறுவனம் எது என்பது இரண்டு கேள்விகளிலேயே தெரிந்துவிடும். கடைசி நாள் அன்பளிப்பை மொத்தமாக ஒருவர் கையில் கொடுத்துவிடாமல், யார் யாருக்கு எவ்வளவு என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக் கொடுப்பது நல்லது. பயணக் காப்பீடு எடுப்பவர்கள் அது 6,000 மீட்டர் உயரம் வரை பொருந்துமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல சாதாரணக் காப்பீடுகள் அந்த உயரத்துக்கு வெகு கீழேயே நின்றுவிடுகின்றன.

கிளிமஞ்சாரோவின் பனி மறைவதற்குள் பார்த்துவிடுங்கள் என்ற அழைப்பும் அந்த விளம்பரத்தில் இருந்தது. 1912-இல் இருந்த பனிப்பரப்பில் ஏறத்தாழ 85 சதவீதம் 2007-க்குள் மறைந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருப்பது உண்மை, அது வேதனைக்குரியது. ஆனால் அது இந்தப் பருவத்தில் போகலாமா அடுத்த பருவத்தில் போகலாமா என்பதற்கான காரணமாகலாமே தவிர, ஏழு நாளை ஐந்தாகச் சுருக்குவதற்கான காரணம் ஆகாது. நாட்களைச் சுருக்கும் ஆசை பயணிகளிடம் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019-இல் தான்சானிய அரசு இம்மலையில் கம்பிவட ஊர்தி அமைக்கும் யோசனையை வெளியிட்டபோது, தங்கள் பிழைப்பு போய்விடும் என்று வழிகாட்டிகளும் போர்ட்டர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. கீழிருந்து சில மணி நேரத்தில் உயரத்துக்கு ஏற்றிவிடப்படும் பயணியின் உடலைப் பற்றிய கேள்வியும் அதே அளவு நியாயமானது.

மலையேற்றம் வேண்டாம் என்று யாரையும் தடுப்பது என் நோக்கம் இல்லை. மழைக்காட்டின் பாசி படர்ந்த மரங்களுக்கிடையே தொடங்கி, புதர்வெளி கடந்து, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் ராட்சத செனேசியோச் செடிகளைப் பார்த்து, பாலைவனம் போன்ற சாம்பல் நிலத்தில் நடந்து, நள்ளிரவில் தலைவிளக்குகளின் வரிசையில் ஒருவராக ஏறி, 5,756 மீட்டரில் ஸ்டெல்லா முனையில் விடியலைக் காண்பது எவருக்கும் கிடைக்க வேண்டிய அனுபவம். அதை அனுபவிக்கும் அளவுக்குத் தெளிந்த தலையோடு அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதே என் கவலை. ஐந்து நாளில் உச்சியைத் தொட்ட சிலரிடம் பேசியிருக்கிறேன். அறிவிப்புப் பலகையின் முன் எடுத்த படத்தைத் தவிர அந்தக் காலைப் பொழுதில் தமக்கு எதுவும் நினைவில் இல்லை என்று அவர்களே சொன்னார்கள்.

ஆகவே, தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். இனி இத்தகைய உயர்மலைப் பயணங்களைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடும்போது, எத்தனை நாள், ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் உறக்கம் என்ற விவரத்தைக் கட்டுரையோடு சிறு பெட்டிச் செய்தியாகத் தர வேண்டும். அடுத்து, போர்ட்டர்களின் கூலியையும் உணவையும் பற்றி நிறுவனங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் அங்கேயே அச்சிட வேண்டும். விளம்பரங்களை ஏற்பதும் மறுப்பதும் தங்கள் நிர்வாகத்தின் உரிமை. எனினும் கட்டுரைப் பக்கத்திலேயே மராங்கு ஐந்து நாள் திட்டத்தைப் பரிந்துரைக்கும் வரி இனி இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்